போல்ட்டும் பாடியும் ஒரே நம்பர்

டீக்கடைக்காரர் சர்க்கரை டப்பாவை மூடப் போவதற்குள் இவர் கையை நீட்டி மூடியை வாங்கிவிடுகிறார். திருப்பிப் பார்க்கிறார். "இது பிஸ்கட் டப்பா மூடி. இங்க எப்படி வந்துச்சு?" மூடி நன்றாகத்தான் உட்காருகிறது. கடைக்காரர் அதையும் பலமுறை சொல்லியாயிற்று. "உட்காரும்யா. எல்லாம் உட்காரும்" என்று இவர் முனகிக்கொண்டே இரண்டு மூடிகளையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டுத்தான் தன் கிளாஸைத் தொடுகிறார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். கடைக்காரர் இப்போதெல்லாம் வேண்டுமென்றே மாற்றி மூடிவைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டதற்கு, பெரியவருக்குக் காலையில் ஒரு வேலை வேண்டாமா என்றார்.

தெருவில் அவருக்கு 'நம்பர்' என்று பெயர். முகத்துக்கு நேரே 'நம்பர் அண்ணே' என்று கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. கேஸ் சிலிண்டர், பஸ், மின்கம்பம், நாற்காலி முதுகு என்று எதில் எண் எழுதியிருந்தாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்வார். வாசித்து என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள். ஒன்றும் செய்வதில்லை. பட்டாளத்தில் இருந்த உடம்பு. வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். கதவுத் தாழ்ப்பாளை நம்மைப்போல் இழுக்கமாட்டார். மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்குவார். நாலும் ஒரே மூச்சில் நடந்து முடியும். ஒருமுறை அப்படிச் செய்ததில் என் பட்டறைக் கழிப்பறைத் தாழ்ப்பாள் அவர் கையோடு வந்துவிட்டது. அதையும் திருப்பி, நம்பர் இருக்கிறதா என்று பார்த்தார்.

பட்டாள முகாமை ஒட்டி ஒரு நீளமான கூடம் இருக்கிறது. முன்பு சாமான் அறையாக இருந்ததை வெள்ளையடித்து, பழைய ஆயுதங்களை வைத்து, ஜனங்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதற்குக் காவல், பெருக்குகிறவர், விளக்கம் சொல்கிறவர் எல்லாம் இவர்தான். புதிதாக ஒரு பெட்டி நிறையத் துப்பாக்கிகள் வரப்போகின்றன, அவற்றை நிற்கவைக்க மரத் தாங்கி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் தச்சன். அந்த வேலையில்தான் அவரைப் பகல் முழுக்கப் பார்க்கும்படி ஆயிற்று.

எல்லாரும் பார்க்க வருவது பட்டாளத்துக்காரன் ஒவ்வொருவனும் ஒரு காலத்தில் தோளில் போட்டுத் திரிந்த அந்த மரக்கட்டை வைத்த துப்பாக்கியைத்தான். அது பிறந்த கதையை அவர் ஒரு வாரம் சொன்னபடி மறுவாரம் சொல்வதில்லை. இதை முதலில் வரைந்தவன் கடிகாரக்காரன் என்பார். இன்னொரு நாள் அவனே சைக்கிள் ரிப்பேர்காரன் ஆகிவிடுவான். ஒரு நாட்டுக்காரன் குழலைக் கண்டுபிடித்தான், இன்னொரு நாட்டுக்காரன் தோட்டாப் பெட்டியைக் கண்டுபிடித்தான், இரண்டையும் ஒட்டியவன் மூன்றாவது ஆள், சுமந்தது மட்டும் நாங்கள் என்பார். குதிரையில் போகிறவனுக்குக் குட்டை, நடந்து போகிறவனுக்கு நெட்டை என்று இரண்டு அளவு இருந்ததாம். எது எவனுக்கு என்று சண்டைக்கு நடுவில் குழம்பிப்போய், கடைசியில் இரண்டுக்கும் இடையில் ஒரு அளவாக வெட்டிவிட்டார்களாம். சில நாட்களில் குதிரைக்காரனுக்கு நெட்டை ஆகிவிடும். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வந்திருந்தவர், நீங்கள் சொல்கிற வருஷத்தில் அந்தச் சண்டையே இல்லையே என்று திருத்தினார். "இருக்கலாம் சார். அன்னிக்கு நான் அங்க இல்லை" என்றார் இவர்.

எனக்கு மரம்தான் தெரியும். கை பிடிக்கிற கழுத்து இடத்தில் மர நரம்பு நேராக ஓடும்படி அந்தக் கட்டையை அறுத்திருக்கிறார்கள். குறுக்கு நரம்பு ஓடினால் ஒரு உதையில் பிளந்துவிடும். கட்டையின் அடியில் பித்தளைத் தகடு, அதில் சின்னக் கதவு, உள்ளே எண்ணெய்ப் புட்டியும் குழலைத் துடைக்கும் கயிறும். நல்ல மரம் தீர்ந்துபோன காலத்தில் கிடைத்த மரத்தையெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஒரே ரகத் துப்பாக்கி, ஆனால் நாலு நிறம். இதையெல்லாம் நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மரத்தை விடு, இங்கே பார் என்று போல்ட்டைத் தட்டினார்.

கதையில் எத்தனை குழப்பம் இருந்தாலும் இந்த இடத்தில் மட்டும் அவருக்குத் தடுமாற்றம் கிடையாது. போல்ட் என்பது தோட்டாவுக்குப் பின்னால் சாத்துகிற கதவு. முன்னால் குண்டு பறக்கும்போது பின்னால் அதே வேகத்தில் பித்தளைக் கூடு உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது இந்தக் கதவுதான். இடைவெளி மயிரிழை கூடினால் கூடு பிளந்து, நெருப்பும் பித்தளைத் தூளும் சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு பாடிக்கும், அதாவது துப்பாக்கி உடம்புக்கும், கையால் அரம் போட்டு ராவிப் பொருத்தி, இரண்டிலும் ஒரே நம்பரை அடிப்பார்களாம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எந்தப் போல்ட்டும் எந்தத் துப்பாக்கியிலும் நுழையும்.

"குக்கர் மூடி மாதிரிங்க" என்று அன்று வந்திருந்த ஒரு குடும்பத்துக்குச் சொன்னார். "உங்க வீட்டு மூடியை என் வீட்டு குக்கர்ல போட்டா உட்காரும். உட்காரலைன்னா பிழைச்சோம். உட்காருதே, அதான் ஆபத்து."

அந்த அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, கேட்டுக்குங்க என்றாள். அவர் எதற்கு என்று முழித்தார்.

நம்பர் வீட்டு ஜன்னலுக்குச் சட்டம் மாற்றப் போனபோது சமையலறையையும் பார்த்தேன். பாத்திரம் ஒவ்வொன்றிலும் ஆணியால் குத்திய நம்பர், அதன் மூடியிலும் அதே நம்பர். டிபன் கேரியரின் அடுக்குகளிலும் அப்படியே. குடைக்கும் அதன் உறைக்கும் கூட விட்டுவைக்கவில்லை. அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செருப்பைப் பாக்கலையே அண்ணே நீங்க. வலதுக்கும் இடதுக்கும் ஒரே நம்பர். எனக்கும் அவருக்கும்தான் இன்னும் அடிக்கல" என்றார்.

முன்னறையில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். நம்பருக்கு மச்சான். இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், ஒரே வரிசையில் படுத்தவர்கள். மச்சானுக்கு வலது கண் கண்ணாடியில் செய்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை வீட்டோடு இருக்கிறார். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை வைத்துக் கடிகாரம் பழுது பார்க்கிறார். இடது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, "எல்லா ரிப்பேர்காரனும் ஒரு கண்ணை மூடணும். எனக்கு அந்த வேலை மிச்சம்" என்பார்.

கண் போன கதையை அவரே சொன்னார், யாருக்கோ நடந்ததுபோல. குறி சுடும் திடலில் முதல் தோட்டா. இழுத்தார், வெடித்தது, எழுந்திருக்கும்போது ஆஸ்பத்திரி. விசாரணை வைத்தார்கள். அவர் துப்பாக்கியில் இருந்தது வேறு ஒன்றின் போல்ட், நம்பர் பார்க்காமல் மாட்டிக்கொண்டு சுட்டிருக்கிறார் என்று முடிவாயிற்று. சிப்பாயின் கவனக்குறைவு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துடைக்கும்போது போல்ட்டைக் கழற்றி அவரவர் தொப்பியில் போட்டுக்கொள்வதுதான் அங்கே பழக்கம். மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பழக்கம்.

"தொப்பியில போட்டேன், தொப்பியில இருந்து எடுத்தேன். என் தொப்பிக்குள்ள இருக்கிறது என்னோடதுதானேன்னு நம்பர் பாக்கல. அது ஒரு குத்தமா?" என்றார் என்னிடம். "கண்ணு போனது போச்சுய்யா. கவனம் இல்லாதவன்னு எழுதிட்டான் பாரு, அதான் இன்னும் செரிக்கல."

நம்பர் அப்போது சமையலறையில் இருந்தார். ஒரு மூடியை எடுத்து, சரியான பாத்திரத்தில் போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

வாசல்வரை வந்த அவர் மனைவி தணிந்த குரலில் சொன்னார். "எங்கண்ணனுக்குக் கண்ணு போன மறுவருஷமே இவர் பொண்ணு கேட்டு வந்து நின்னாரு. என்னைப் பிடிச்சு வந்தாரா, வேற எதுக்கோ வந்தாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல." கேட்டுப் பார்க்கவில்லையா என்றேன். "கேட்டேன். முழிச்சாரு. நீங்களே போய்க் கேளுங்க, உங்களையும் பார்த்து முழிப்பாரு."

அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே கிரீஸ் பூசிய காகிதத்தில் சுற்றிய துப்பாக்கிகள். நம்பர் உற்சாகமாக ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியால் துடைத்து, வழக்கம்போல் எண்ணை வாசித்து, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். ஒன்றில் நின்றார். எண்ணை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு அதை அப்படியே காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்து, மற்றவற்றையும் அதன்மேல் அடுக்கி, பூட்டைப் போட்டுவிட்டார். அளவெடுக்க வேண்டுமே என்றேன். நாளைக்கு என்றார்.

நாளைக்கும் நாளைக்கு என்றார். அதற்கு மறுநாள் சாவியைக் காணோம் என்று தேடினார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது. நான் சுட்டிக்காட்டியதும், ஆமாம் என்று தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி மேஜைக்கு அடியில் குனிந்து தேடினார். வந்தவர்களிடம் கதவு முன்னால் இருக்கிறது, குண்டு பின்னால் போகிறது என்று விளக்கம் சொன்னார். யாரும் திருத்தவில்லை, கையில் துப்பாக்கி வைத்திருக்கிறவரை யார் திருத்துவார்கள்? டீக்கடையில் மூடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டீயைச் சூடாகக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் பதறிப்போய் என்னிடம் ஓடிவந்து, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுத்த மரம் வெயிலில் வளைந்துகொண்டிருக்கிறது. ஒன்று பெட்டியைத் திற, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். அவர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

"இதுக்குள்ள என் துப்பாக்கி இருக்குய்யா" என்றார். நல்லதுதானே அண்ணே என்றேன். நல்லதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். கேலிக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சுடுவதற்கு முந்தின நாள் வெட்டவெளியில் தார்ப்பாய் விரித்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மச்சான் குழலில் ஊற்றிக் கழுவ வெந்நீர் எடுக்கப் போயிருந்தார். திடீரென்று காற்றும் மழையும். தொப்பிகள் கவிழ்ந்து போல்ட்டுகள் தார்ப்பாயில் உருண்டன. எல்லாரும் கிடைத்ததை அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். இவர் தன் அருகே கிடந்த இரண்டு போல்ட்டையும் எடுத்து, ஒன்றை மச்சான் தொப்பியில் போட்டார், ஒன்றைத் தன் தொப்பியில் போட்டார். வெந்நீரோடு வந்த மச்சான் தொப்பி கவிழ்ந்ததையே பார்க்கவில்லை. இதுதான் நடந்தது.

நம்பர் பார்த்துப் போட்டீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"பார்த்த மாதிரியும் இருக்கு, பார்க்காத மாதிரியும் இருக்கு" என்றார். "ரெண்டும் எனக்கு ஞாபகம் இருக்குய்யா. ஒண்ணுல போல்ட் மேல மழைத்தண்ணி நிக்குது, கட்டைவிரலால தொடைக்கிறேன், நம்பர் பளிச்சுன்னு தெரியுது. இன்னொண்ணுல எவனோ சாப்பாட்டுக்குக் கூப்பிடுறான், அப்படியே போட்டுட்டு ஓடுறேன். இதுல எது நடந்துச்சு? சொல்லு. நீ வெளியாளு, உனக்குத் தெரியலாம்."

அவரே மேற்கொண்டு சொன்னார். மச்சான் விழுந்ததும் எல்லாத் துப்பாக்கியையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். தன்னுடையதை ஒப்படைக்க வரிசையில் நின்றபோது போல்ட் இவர் கையில்தான் இருந்தது. குனிந்தால் நம்பர் தெரியும். குனியவில்லை. அப்புறம் வேறு துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். விசாரணையில் யார் போல்ட் என்றுகூட வெளியே சொல்லவில்லை. வரிசை முழுக்கப் போல்ட் கலந்து கிடந்தது என்று எழுதினால் மேலே இருக்கிறவர் தலை உருளும், ஒரு சிப்பாய் மாற்றிக்கொண்டான் என்றால் அதோடு போயிற்று. இவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே, "சொல்லியிருப்பேனா?" என்றார்.

போல்ட்டை வேறு பாடிக்கு மாற்றினால் துப்பாக்கி மெக்கானிக் பழைய நம்பரின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிட்டு, பக்கத்தில் புது நம்பரை அடிப்பாராம். ஆகவே இவருடைய துப்பாக்கியின் போல்ட்டில் மச்சானின் நம்பர் கோடு போட்டுக் கிடந்தால், போல்ட்டை மாற்றிப் போட்டது இவர்தான். மச்சானின் நம்பர் இவருக்கு இன்னும் மனப்பாடம். கோடே இல்லாமல் இவருடைய நம்பர் மட்டும் இருந்தால் இவர் கை சுத்தம். இத்தனை வருஷமாகக் கிணற்றில் போட்டதாக நினைத்தது இதோ பெட்டிக்குள் வந்து கிடக்கிறது.

இரண்டு நாள் கழித்து அவரே பெட்டியைத் திறந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது மச்சானின் லென்ஸ், கேட்காமல் எடுத்து வந்திருக்கிறார். துப்பாக்கியைப் பிரித்தார். தாழ்ப்பாளைப் பிடுங்குகிற கை, அன்று மேலே தூக்கிவிட்டு அங்கேயே நின்றது. பின்னே இழுத்துப் போல்ட்டை வெளியே எடுக்க வெகுநேரம் ஆயிற்று. கைப்பிடி வேரில் அவருடைய நம்பர். அதற்குப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இன்னொரு நம்பர், அதன்மேல் எவனோ அரம் போட்டு வழித்திருக்கிறான்.

லென்ஸை வைத்துப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். முன்னெண்கள் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி எண் மட்டும் நிழல்போல இருந்தது.

"ஏழு மாதிரி இருக்கு அண்ணே."

மச்சானின் நம்பர் ஏழில்தான் முடியும் என்றார். அவர் முகத்தில் ஏதோ தெளிந்ததுபோல் எனக்குத் தெரிந்தது. அதனால் அவசரமாக, ஒன்றாகவும் இருக்கலாம் என்றேன். ஏழில் முடிகிற துப்பாக்கி பட்டாளத்தில் எத்தனை இருக்கும், அப்புறம் எத்தனை தடவை போல்ட்டை மாற்றினார்களோ என்றும் சொன்னேன். நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் முகம் மறுபடி கலங்கிவிட்டது. ஏழு என்றே இருக்கட்டும் என்று நினைத்தாரா, ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாரா, எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை.

"அப்ப, தெரியவே தெரியாதா?" என்றார் போல்ட்டைப் பார்த்து.

அந்த நேரத்தில் மச்சான் வந்து நின்றார். கடையைத் திறந்து பார்த்தால் லென்ஸ் இல்லை, வீட்டில் கேட்டால் உங்க மாப்பிள்ளைதான் எதையோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். மேஜைமேல் கிடந்த லென்ஸை எடுத்து ஊதித் துடைத்தார். "என் கண்ணையே களவாண்டுட்டு வந்துட்டியா மாப்ள" என்றார். நம்பர் போல்ட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

மச்சானுக்குக் கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்தார். நம்பர் எப்போதும் உட்காருகிற மாதிரி ஒரு ஸ்டூலை இழுத்து அவருடைய வலது பக்கம், கண்ணாடிக் கண் பக்கம் உட்கார்ந்தார். மச்சான் பிரித்துக் கிடந்த துப்பாக்கிகளை ஒருதரம் பார்த்துக்கொண்டே வந்தார். சனியன்கள் இன்னும் பளபளவென்று இருக்கின்றன என்றார். இந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினோமே, இப்போது லென்ஸைத் தூக்கவே கை வலிக்கிறது என்றார். நான் சிரித்தேன். நம்பர் சிரிக்கவில்லை. பிறகு மச்சான், தங்கை வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட கேள்வியை, பதிலுக்குக் காத்திராமலே கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்.

"தொப்பியிலதான வச்சேன் மாப்ள? நீதான் பக்கத்துல இருந்தே."

வழக்கமாக இதற்கு ஆமாம் மச்சான் என்று ஒரு பதில் வரும். இன்று நம்பர் எழுந்தார். ஒரு கையில் போல்ட்டை வைத்துக்கொண்டு மறுகையால் ஸ்டூலைத் தூக்கினார். மச்சானின் முதுகுப்புறமாகச் சுற்றி நடந்து, ஸ்டூலை இடது பக்கம் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க, அந்தப் பார்வையுள்ள கண்ணுக்கு நேரே தன் முகத்தை வைத்து உட்கார்ந்தார்.